யாழினிக்கு நான் கொடுத்த மாம்பழம்

இன்று காலை என் அங்கன்வாடி வாசலில் ஓர் அப்பா வந்து நின்றார்.

"டீச்சர், எம் பொண்ணோட சின்னத்த மாத்துங்க. இல்லன்னா நாளையிலேர்ந்து அனுப்ப மாட்டேன்!"

(தேர்தல் ஆபீசுக்குப் போக வேண்டியவர் வழி தவறி வந்துவிட்டாரோ என்று ஒரு நொடி நினைத்தேன்.)

விஷயம் இதுதான். கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் நான் அங்கன்வாடிப் பணியாளர். வருகிற குழந்தைகளுக்கு மூன்று, நான்கு வயது. யாருக்கும் எழுத்து தெரியாது. அதனால் ஆளுக்கு ஒரு படம் வரைந்து கொடுத்தேன். பை மாட்டும் ஆணிக்கு மேலே ஒன்று, டம்ளரில் ஒன்று. ஒருவனுக்கு மீன், ஒருத்திக்குக் குடை, இன்னொருவனுக்கு ஏணி.

'இந்தப் படம் இருக்கும் இடம் என் இடம்' என்று பிடிபட்டுவிட்டால் போதும். ஒன்று இன்னொன்றைக் குறிக்கும் என்பது அந்த வயதில் பெரிய கண்டுபிடிப்பு. எழுத்தெல்லாம் அதற்குப் பிறகுதான்.

யாழினிக்கு மூன்றரை வயது. சேர்ந்த நாளிலிருந்து ஒரே அழுகை. வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு சாப்பாட்டு நேரம் வரை நிற்பாள். சாப்பாட்டையும் தொட மாட்டாள்.

அவளுக்கு மாம்பழம் கொடுத்தேன்.

மறுநாள் உள்ளே வந்தாள். சுவரில் தேடினாள். கண்டுபிடித்தாள். பையை மாட்டினாள். அழவில்லை!

அன்றிலிருந்து மூன்று வாரமாக அழவில்லை. (பாத்திரம் கழுவும் இடத்துக்குப் போய் நான்தான் கொஞ்சம் அழுதேன்.)

ஆனால் நான் ஊரை மறந்துவிட்டேன்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடாக நடந்துகொண்டிருக்கிறது. சுவரெல்லாம் போஸ்டர். டவுன் பஸ் வருமா, வராதா என்று தெரியாமல்தான் தினமும் வீட்டை விட்டுக் கிளம்புகிறேன். இந்த நேரத்தில் எங்கள் பக்கத்தில் மாம்பழம் என்பது பழம் இல்லை, கட்சிச் சின்னம்!

என் உதவியாளர் செல்வி அக்கா வேறு, குழாயடியில் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்: "எங்க டீச்சரு எல்லாப் புள்ளைக்கும் சின்னம் குடுத்துட்டாங்க. யாழினிக்கு மாம்பழம்!"

போதாதா?

"டீக்கடையில உக்கார முடியல டீச்சர்," என்றார் யாழினியின் அப்பா ஏழுமலை. "'இன்னாடா, உம் பொண்ணு அந்தப் பக்கம் சேந்துடுச்சாமே, நீ எப்போ?'ன்னு கேட்டுக்கினு சிரிக்கறானுங்க. எங்காளுங்க மூஞ்சியில நான் எப்படி முழிக்கறது?"

"தம்பி, அது வெறும் பழம்ங்க."

"உங்களுக்குப் பழம். ஊருக்கு?"

ஸ்கெட்ச் டப்பாவை எடுத்தேன்.

"சரிங்க, மாத்திடலாம். சூரியன்?"

முறைத்தார்.

"இலை?"

"இன்னா டீச்சர், வெளாடறீங்களா?"

செல்வி அக்கா உதவிக்கு வந்தார். "பம்பரம் போடுங்க டீச்சர்... ஐயோ, அதுவும் ஒரு கட்சிக்குக் கீதே! முரசு? அதுவும் போச்சு. குக்கர்?"

"அக்கா, நீங்க கம்முனு இருங்க!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. படத்தை மாற்றினால் யாழினி நாளைக்குச் சுவரில் தேடுவாள். அவள் இடம் அங்கே இருக்காது. மறுபடியும் வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுகை. மாற்றாவிட்டால் யாழினியே இருக்க மாட்டாள். இரண்டும் நான் செய்த வினை. இத்தனை வருஷம் இதே ஊரில் வேலை பார்த்துவிட்டு இதைக்கூட யோசிக்கவில்லையே என்று என் மேலேயே கோபம்.

அதற்குள் ஏழுமலை நேராகச் சுவருக்குப் போய்விட்டார். மாம்பழ அட்டையைப் பிய்க்கக் கையை வைத்தார்.

யாழினி ஓடிவந்து அவர் கைலியைப் பிடித்து இழுத்தாள்.

"ஓட்டாதப்பா!"

"இன்னாத்தடி ஓட்டறாங்க?"

"கிளிய! ஓட்டாதப்பா. அது தூங்குது."

எல்லோரும் சுவரைப் பார்த்தோம்.

மஞ்சள் ஸ்கெட்ச் காய்ந்துபோனதால் பச்சையில் வண்ணம் அடித்திருந்தேன். பழுத்த மாதிரி இருக்கட்டும் என்று நுனியில் கொஞ்சம் சிவப்பு. காம்போடு நீளமாக ஓர் இலை. அட்டையைக் கொஞ்சம் சாய்வாக ஒட்டியிருக்கிறேன். பச்சை உடம்பு, சிவப்பு மூக்கு, வால்!

(ட்ராயிங்கில் நான் வீக் என்று பள்ளிக்கூடத்திலேயே சொன்னார்கள்.)

கல்வராயன் மலையிலிருந்து கிளிகள் கூட்டம் கூட்டமாக இறங்கும் நேரம் இது. ஏழுமலையின் மக்காச்சோளம் கதிர் பிடித்திருக்கிறது. விடிந்ததும் தகரத்தைத் தட்டி ஓட்டுவதுதான் அவர் வேலை. மகளும் கூடவே போவாளாம். அப்பா கையைத் தூக்கினால் கிளி பறந்துவிடும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"கிளின்னா கண்ணு எங்கடி?" ஏழுமலையின் குரல் பாதியாக இறங்கியிருந்தது.

"அதான் தூங்குதே!"

செல்வி அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். ஏழுமலை என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"ஒரு பேனா குடுங்க டீச்சர்."

கொடுத்தேன். சிவப்பு நுனிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு வளைவு போட்டார். மூடிய கண். இரண்டடி பின்னால் வந்து நின்று பார்த்தார்.

"கிளிதான்," என்றார். "எவனாச்சும் கேக்கட்டும், இங்கயே இட்டாந்து காட்டறேன். வூட்டுல அவங்கம்மாகிட்டயும் சொல்லிடறேன்." போகும்போது மகளிடம், "ஓட்டலடி. தூங்கட்டும்."

அப்பாடா! செல்வி அக்கா கொடுத்த ஒரு சொம்பு தண்ணீரையும் ஒரே மூச்சில் குடித்தேன்.

மூன்று வாரமாக என் மாம்பழம் ஜெயித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் படம் என்னவென்று அவளிடம் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. நீங்கள் யாராவது உங்கள் வீட்டு வாண்டுகளிடம் இப்படிக் கேட்டிருக்கிறீர்களா? கேட்டுப் பாருங்கள், என்ன பதில் வந்தது என்று எனக்கும் சொல்லுங்கள்.

மத்தியானம் பாய் விரித்துப் படுக்க வைத்தபோது யாழினியிடம் மெதுவாகக் கேட்டேன்.

"ஏன் கண்ணு, நீ இப்பல்லாம் அழறதே இல்லயே, ஏன்?"

உதட்டில் விரலை வைத்து என்னை அதட்டினாள்.

"அழுதா கிளி எந்திரிச்சுடும் டீச்சர்!"