சேறு ஒட்டிய மண்வெட்டி

“வாத்தியாரே, உடைச்சத நீங்க பாத்தீங்களா?” என்று ஒருமுறை என்னிடம் கேட்டார் மனு எழுதும் துரைக்கண்ணு. சென்ற செவ்வாயன்று, வில்லியனூர் போய்த் திரும்பிய வண்டிக்காரர் என் வாசலில் நின்று அவர் காலமான செய்தியைச் சொன்னார். எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தக் கேள்விதான்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பிரெஞ்சு ஆட்சியில் ஊர் நிர்வாகம் நடத்திய வில்லியனூர் கொம்யூன் அலுவலகத்துக்கு எதிரே, ஒரு சாய்மேசையோடு, முப்பது ஆண்டுகளுக்கு மேல் மனு எழுதியவர். அவர் தமிழில் எழுதியதைப் புதுச்சேரியில் பிரெஞ்சுக்கு மாற்றுவார்கள். “அந்தப் பக்கம் போயிட்டா நம்ம வார்த்த நமக்கே புரியாதுபா. தப்ப இங்கியே புடிச்சிடணும்” என்பார். அதனால் எதிராளி கேட்பதைவிடக் கடுமையாக, மனு எழுதச் சொல்லி வந்தவரையே கேள்வி கேட்பார். கோபித்துக்கொண்டு எழுந்து போனவர்கள் உண்டு.

நான் ஏம்பலத்தில் ஆசிரியராக இருந்தபோது, ஒரு விடியற்காலை வாய்க்கால் கரை உடைந்து மிராசுதாரின் நாற்றங்கால் மூழ்கிவிட்டது. அந்நேரம் அப்பக்கம் போயிருந்த நான், அவருடைய குத்தகைக்காரர் ஆறுமுகம், சேறு ஒட்டிய மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு கரையிலிருந்து இறங்கி வருவதைக் கண்டேன். தண்ணீர் முறை தொடர்பாக முந்தின வாரம்தான் மிராசுதாருக்கும் அவருக்கும் வாய்ச்சண்டை. குற்றம் உறுதியானால் ஆறுமுகத்துக்குச் சிறை. குத்தகை நிலமும் கையை விட்டுப் போய்விடும். வாத்தியார் சொல்லை ஊரே நம்பும் என்பதால், எல்லாம் என் சாட்சியில் நின்றது.

மிராசுதார் என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு நேரே துரைக்கண்ணுவிடம் போனார்.

“ஆறுமுகம் கரைய உடைச்சிட்டான். வாத்தியார் கண்ணால பாத்தாரு. எழுதுய்யா.”

அப்போதுதான் துரைக்கண்ணு பேனாவைக் கீழே வைத்துவிட்டு அந்தக் கேள்வியைக் கேட்டார்.

“மண்வெட்டியோட வந்தான், அதுல சேறு இருந்துச்சி. வேற இன்னா வேணும்?” என்றேன்.

“கரை தானா உடைஞ்சி, அவன் அடைக்கப் போயிருந்தா மண்வெட்டில இன்னா இருக்கும்?”

அப்போதும் சேறுதான் இருக்கும். உடைப்பைக் கண்டவர் யாராயினும், நாலு வெட்டு மண் போட்டுவிட்டுத்தான் ஆள் கூப்பிடப் போக வேண்டும் என்பது எங்கள் ஊர்க் கட்டுப்பாடு. பிள்ளைகளுக்கு அதை நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். சண்டையை நினைத்துக்கொண்டு பார்த்ததில் அதை மறந்திருந்தேன்.

மிராசுதாருக்கு முகம் சிவந்துவிட்டது. “இன்னாய்யா, நீ மனு எழுதறது எனக்கா, அவனுக்கா?”

“உங்களுக்குத்தாங்க. ஜட்ஜு தொரை கேக்கப் போறத நான் முன்னாடி கேக்கறேன். அவன் உடைக்கலன்னு நான் சொல்லல. ரெண்டு கதைக்கும் ஒட்டற சாட்சி, ஒரு கதைக்கும் ஒதவாது. ஒண்ணுக்கு மட்டும் ஒட்டறது எதுனா இருக்கான்னு போய்ப் பாப்போம்.”

அன்று மாலை மூவரும் கரைக்குப் போனோம். அதற்குள் ஊரார் கூடி உடைப்பை அடைத்துவிட்டிருந்தார்கள். யார் போட்ட மண் எது என்று பிரிக்க வழியில்லை. “அப்ப நமக்குத் தெரியலன்னுதான் எழுதணும்” என்றார் துரைக்கண்ணு. மிராசுதார் மறுநாளே வேறொருவரிடம் மனு எழுதி வாங்கிக்கொண்டார்.

நீதிமன்றத்தில் நான் கண்டதை மட்டும் சொன்னேன். அடைக்கப் போயிருக்கலாமா என்று கேட்டார்கள். இருக்கலாம் என்றேன். வழக்கு தள்ளுபடியாயிற்று. மிராசுதார் இரண்டு ஆண்டுகள் என் முகத்தைப் பார்க்கவில்லை. வகுப்பில் ஒருவன் கையில் சுண்ணக்கட்டித் தூள் இருந்தால், பலகையில் கிறுக்கியவன் இவன்தான் என்று பிரம்பை எடுக்கும் வழக்கம் எனக்கு அன்றோடு போயிற்று. கிறுக்கியதை அழித்தவன் கையிலும் தூள் இருக்குமே.

சில நாள் கழித்து ஆறுமுகம் ஒரு கட்டுக் கரும்போடு துரைக்கண்ணுவைத் தேடி வந்தார். நானும் அங்கே இருந்தேன்.

“எனக்கு எதுக்குபா கரும்பு? நீ உடைச்சியா, அடைச்சியான்னு எனக்கு இன்னும் தெரியாது” என்று சிரித்தார் துரைக்கண்ணு.

“அடைக்கத்தான் ஐயா போனேன்.”

“அத அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா?”

“யாரு கேட்டாங்க?”

துரைக்கண்ணுவின் சிரிப்பு நின்றுவிட்டது. என் பக்கம் திரும்பி, “மொதல்ல அவனத்தான் கேட்டிருக்கணும் வாத்தியாரே. உங்கள அவ்ளோ கேட்டேன். அவன நானும் கேக்கல” என்றார். அதன் பிறகு, எதிராளி என்ன சொல்கிறார் என்று கேட்டு வராதவருக்கு அவர் மனு எழுதியதில்லை.

செவ்வாயன்று நான் வில்லியனூர் இடுகாட்டை அடைந்தபோது, தலை நரைத்த ஆறுமுகம் சேறு ஒட்டிய மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு எதிரே வந்தார். குழி வெட்டிவிட்டு வருகிறாரா, மூடிவிட்டு வருகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. அருகே போய்க் கேட்டேன்.

“மூடிட்டேன் வாத்தியாரே. நீங்க வர்றதுக்குள்ள ஆயிடுச்சி” என்றார்.

துரைக்கண்ணு ஐயா, இம்முறை கேட்டுவிட்டேன். போய் வாருங்கள்.

இதைப் படிப்பவர்கள் ஒன்று செய்து பாருங்கள். ஒருவர் மீது குற்றம் சொல்லுமுன், உங்களிடம் உள்ள மிக உறுதியான சான்றை ஒரு தாளில் எழுதி, அவர் குற்றமற்றவராக இருந்தாலும் இது இப்படியே இருக்குமா என்று உங்களையே கேளுங்கள்.