வீட்டுக் கம்ப்யூட்டரில் இறங்கிய இடி

எனக்கு எழுபது வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். எங்கள் சாமையும் தேனும் விற்கும் இணையதளத்தை வெளியூர் வாடகைக் கம்ப்யூட்டரில் போடலாம் என்றாள் மருமகள்.

"நம்ம சாமைய அடுத்தவன் வூட்டுக் குதிர்லயா வெப்போம்? கடை நம்ம வூட்லயே இருக்கட்டும்" என்றேன். அதற்கென்று வீட்டிலேயே ஒரு கம்ப்யூட்டர் இரவு பகலாக ஓடியது.

ஒருநாள் இடி நெருங்கியது.

"ஒயரப் புடுங்குடி!" என்றேன்.

"புடுங்குனா கடை மூடிக்கும் அத்த. இன்னா இவ்ளோ பயம்?" என்று கம்ப்யூட்டர்மேல் கை வைத்தபடி சிரித்தாள் மருமகள்.

அவள் சடையைப் பிடித்து இழுத்தேன். மறுகணம் மின்னல் இறங்கி, அவள் கை இருந்த இடம் கருகிப் புகைந்தது.

இப்போது கடை வாடகைக் கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது. மேகம் கறுத்தாலே வீட்டு ஒயர்களை நானே பிடுங்கிவிடுகிறேன்.

இதை எழுதித் தரும் பேத்தியிடம் சொல்கிறேன்: "எங்க, மொதல்லேர்ந்து படி கண்ணு."