ஓரத்தில் ஒரு மங்கல்

மேசைக்கு அடியில் தலையை நுழைத்து, மானிட்டர் கேபிளைப் பிடுங்கி, முனையில் இரண்டு முறை ஊதி, மறுபடி செருகுகிறார் கேபிள் அக்கா. கேபிளில் கோளாறு இல்லை என்பது அவருக்கே தெரியும். ஆனாலும் ஊதாமல் எந்த வேலையையும் தொடங்கமாட்டார். "முதல்ல இவனத்தான் சந்தேகப்படணும். பாக்க சாதுவா இருப்பான்."

முடியாமல் கிடக்கும் பழைய கணினிகளில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டு, எழுப்பி உட்காரவைப்பது அவர் தொழில். வாடிக்கையாளர் திருப்திப்பட்டாலும் அவர் படமாட்டார். திரையில் எழுத்து ஓர் இழை மங்கினால் போதும், சோற்றில் கல் கடித்தவர்போல முகம் சுளிப்பார். கணினி கேட்கும் எதையும் வாசிப்பதும் கிடையாது. சுண்டுவிரல் தானாகவே என்டரில் விழும். "அது கேக்குறதுக்கெல்லாம் நின்னு பதில் சொன்னா பொழுது விடிஞ்சிடும்."

அன்று பல் டாக்டரின் கிளினிக். லினக்ஸ் ஏறி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. நாற்காலியில் ஒரு பேருந்து ஓட்டுநர் வாயில் பஞ்சோடு சாய்ந்திருந்தார். கடைவாய்ப் பல்லைப் பிடுங்க மரத்துப்போகும் ஊசி போட்டாயிற்று. வேர் எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது என்று எக்ஸ்ரேயைத் திரையில் பார்த்துத்தான் டாக்டர் கைவைக்க வேண்டும். படம் முழுதாகவே தெரிந்தது.

"போதும்மா, நல்லாத்தான் இருக்கு."

"ஓரத்துல லேசா மங்குது டாக்டர். ரெண்டே நிமிஷம்."

அமைப்புகளுக்குள் போய், திரை நொடிக்கு எத்தனை முறை புதுப்பித்துக்கொள்ள வேண்டும் என்ற இடத்தில், அந்தப் பழைய மானிட்டர் தாங்காத வேகம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். திரை இருண்டது. 'இந்த மாற்றம் இருக்கட்டுமா?' என்று இருட்டுக்குள் கணினி கேட்டுக்கொண்டிருந்தது. பதில் வராவிட்டால் பதினைந்து நொடியில் தானே பழைய நிலைக்குத் திரும்பியிருக்கும். சுண்டுவிரல் என்டரில் விழுந்தது. இருட்டு நிலைத்தது.

அக்கா மேசைக்கு அடியில் போய் ஊதினார்.

"கேபிள விடும்மா! வேலில போன ஓணான எடுத்து என் மடியில விட்டுட்டியே. இன்னும் கொஞ்ச நேரத்துல மரமரப்பு எறங்கிடும். இவருக்கு மறுபடி குத்தணுமா?"

"ஆ... ஆவ்வா?" என்றார் ஓட்டுநர்.

"என்ன சொல்றாரு?"

"உன்னைய வெளிய அனுப்பலாமான்னு கேக்குறாரு."

மேசையில் தலையை இடித்துக்கொண்டு வெளியே வந்தார் அக்கா. "கேபிள் இல்ல டாக்டர். நான்தான். நானே சரின்னு சொல்லித் தொலச்சிருக்கேன்."

மூன்று விசைகளைச் சேர்த்து அமுக்கியதும், எழுத்து மட்டும் தெரியும் ஒரு கறுப்புத் திரை வந்தது. தான் மாற்றியது பதிவாகியிருந்த கோப்பைத் தேடிப் பிடித்தார். அழிக்கலாமா என்று கணினி கேட்டது. ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்து, பள்ளிக்கூடப் பிள்ளைபோல வாய்விட்டு வாசித்தார். பிறகுதான் அமுக்கினார். அணைத்துப் போட்டதும் கணினி ஆடி அசைந்து எழுந்தது. எக்ஸ்ரே வந்தது. வேர் இடப்பக்கம் வளைந்திருந்தது.

"வாயத் திறங்க," என்று டாக்டர் இடுக்கியை எடுத்தார்.

படத்தின் ஓரம் இன்னும் லேசாக மங்கியிருந்தது. அக்காவின் வலக்கை மெல்ல மவுஸ் பக்கம் நகர்ந்தது. பாதி வழியில் அதைப் பிடித்து இழுத்து, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின் மேலேயே அழுந்த உட்கார்ந்துகொண்டார்.