டிரைவரம்மாவின் இருபத்து நான்கு

டவுன் பஸ் ஓட்டுகிற பெண்மணிக்கு கோல்ஃப் எதற்கு என்று கேட்டவர்களை ஏற்றினால் ஒரு பஸ்ஸே நிரம்பிவிடும். டிரைவரம்மா யாருக்கும் பதில் சொன்னதில்லை. டெப்போவுக்குப் பின்னால் இருந்த மைதானத்துக்கு ஒரு நாள் வேடிக்கை பார்க்கப் போனார், ஒரு பந்தை அடித்துப் பார்த்தார், பிடித்துப்போனது. அந்த வாரமே சந்தா கட்டி கிளப்பில் சேர்ந்துவிட்டார். 'டிரைவரம்மா' என்பது கிளப்பில் வைத்த பெயர். கிண்டலாகத்தான் வைத்தார்கள், அவர் அதைப் பட்டம் மாதிரி ஏற்றுக்கொண்டார்.

கோல்ஃபில் ஹேண்டிகேப் என்று ஓர் எண் உண்டு. சுமாராக ஆடுகிறவர்களுக்குத் தரும் தள்ளுபடி அது. டிரைவரம்மாவின் எண் இருபத்து நான்கு. அடித்த மொத்த அடிகளில் இருபத்து நான்கைக் கழித்துவிட்டுத்தான் கணக்கு; மிச்சம் யாருக்குக் குறைவோ அவர் ஜெயித்தார். இதில் தில்லுமுல்லு செய்கிறவர்களும் இருக்கிறார்கள். சாதாரண நாளில் வேண்டுமென்றே சொதப்பி எண்ணை ஏற்றி வைத்துக்கொண்டு, கோப்பை என்று வந்தால் வெளுத்து வாங்குவார்கள். ஒருவரை அப்படிச் சொல்வதும் திருடன் என்று சொல்வதும் கிளப்பில் ஒன்றுதான்.

அந்தக் குளிர்காலப் போட்டியில் டிரைவரம்மா முதல் இரண்டு சுற்றையும் ஜெயித்தார். மாயமும் இல்லை, மந்திரமும் இல்லை. கோடையில் தரை காய்ந்து கிடக்கும். பலசாலிகள் அடிக்கிற பந்து விழுந்த பிறகும் ஓடிக்கொண்டே இருக்கும். குளிர்காலத்தில் புல் சொதசொதவென்று ஊறிப்போய், விழுந்த பந்து விழுந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடும். டிரைவரம்மாவின் பந்தோ எந்தக் காலத்திலும் ஓடியதில்லை. கொஞ்ச தூரம் நேராகப் போய் நிற்கும். பனிக்காலத்தில் எல்லோரும் எதையோ இழந்தார்கள். அவருக்கு இழக்க ஒன்றும் இல்லை.

இதையெல்லாம் யோசித்துப் பார்க்க கிளப் செயலாளருக்குப் பொறுமை இல்லை. இறுதிச் சுற்றுக்கு முந்தின வாரம், கூடத்தில் எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது எழுந்து நின்றார்.

"சிலர் நம்பரை வேணும்னே ஏத்தி வெச்சிருக்காங்கன்னு கமிட்டிக்குச் சந்தேகம். டிரைவரம்மா, இனிமே உங்களுக்குப் பதினெட்டுதான்."

யாரோ சிரித்தார்கள். டிரைவரம்மாவுக்கு முகம் எரிந்தது. பஸ்ஸில் யாரோ விட்டுப்போன பர்ஸைக்கூடத் திறந்து பார்க்காமல் டெப்போவில் ஒப்படைக்கிறவர் அவர். அவமானத்தில் அன்று டீயைக் குடிக்காமலே வீட்டுக்குப் போனார்.

வீட்டில் நாத்தனார் துணி மடித்துக்கொண்டே கேட்டாள். "ஒரு விளையாட்டுக்கா இவ்வளவு ரோஷம், அண்ணி? பேசாம போகாம இருந்துடுங்களேன்."

"போகலன்னா அவங்க சொன்னது உண்மைன்னு ஆயிடும்."

"போய்த் தோத்துட்டா?"

"தோத்துட்டு வரேன். பயந்து ஓடிட்டேன்னு ஒருத்தரும் சொல்லக்கூடாது."

இறுதிச் சுற்றன்று காற்று முகத்தில் அறைந்தது. விரல்கள் மரத்துப்போய், மட்டையைப் பிடித்திருக்கிறோமா இல்லையா என்றே தெரியவில்லை. டிரைவரம்மா பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினார். கடைசியில், எதிர்த்து ஆடிய பல் டாக்டரிடம் ஒரே ஓர் அடியில் தோற்றார். பழைய எண் கையில் இருந்திருந்தால் ஐந்து அடி வித்தியாசத்தில் கோப்பை அவருடையது. பல் டாக்டருக்கும் அது தெரியும். கைகுலுக்கும்போது அவரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

செருப்பு ஸ்டாண்டு அருகே செயலாளர் டிரைவரம்மாவை ஓரமாகக் கூப்பிட்டார். குரலில் தேன் வழிந்தது.

"கமிட்டியில பேசிட்டோம்மா. இன்னிக்கு நீங்க ஆடினதப் பாத்ததும் சந்தேகம் தீர்ந்துடுச்சு. உங்க இருபத்து நாலைத் திருப்பிக் கொடுத்துடறோம். சந்தோஷம்தானே?"

"தோத்ததாலதான் நான் யோக்கியமா, சார்? ஜெயிச்சப்பவும் இதே ஆள்தானே நான்?"

"அதான் கொடுத்துட்டோமே, விடுங்க."

"திருடின்னு சொன்னது கூடத்துல, அத்தனை பேர் முன்னாடி. இல்லன்னு சொல்றது மட்டும் செருப்பு பக்கத்துலயா?"

செயலாளர் துணைக்கு ஆள் தேடுவதுபோல் பல் டாக்டரைப் பார்த்தார். "அவங்க கேக்கறது நியாயம்தான்" என்றார் பல் டாக்டர், ஷூவைக் கழற்றியபடி.

வேறு வழியில்லாமல் செயலாளர் கூடத்துக்குள் போனார். டீக்கோப்பைகளின் சத்தம் அடங்கும்வரை தொண்டையைச் செருமினார். பிறகு, டிரைவரம்மாவைச் சந்தேகப்பட்டது தவறு, அவர் நேர்மையாகத்தான் ஆடினார் என்று சட்டைப் பொத்தானிடம் சொல்வதுபோல் முணுமுணுத்துவிட்டு உட்காரப் போனார்.

டிரைவரம்மா ஈரத் தொப்பியோடு வாசலிலேயே நின்றார்.

"பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேக்கல, சார். இன்னொரு தடவை சொல்லுங்க."