முனி ஓட்டத்தில் மாடு கட்டிய அக்கா

அக்கா நம்மை விட்டுப் போய் இன்றோடு ஓராண்டு. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். எழுத்தில் தப்பிருந்தால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இதை அச்சுக்குக் கொடுக்கலாமா, யாருக்காவது மனம் கோணுமோ என்ற பயம் இப்போதும் இருக்கிறது. ஆனால் அக்கா மகளுக்குப் பேசிய சம்பந்தம் போன மாதம் நின்றுபோனது. "முனி அடிச்ச வீட்டுப் பொண்ணு" என்று நம்மவர்களே யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதனால் எழுதுகிறேன்.

அக்கா ஜவளகிரிப் பக்கம் காட்டோரத்தில் பிறந்தவர். மாமா இளவயதிலேயே தவறிவிட்டார். கைக்குழந்தையோடு திரும்பி வந்தவருக்கு அப்பா ஒரு துண்டு நிலம் கொடுத்தார். அதில் அக்கா மாட்டுக் கொட்டாய் போட்டார். உச்சி வேளையில் முனி ஏரிக்குப் போவது அந்த வழியாகத்தான், அது முனி ஓட்டம், குறுக்கே எதுவும் கட்டக்கூடாது என்பது ஊர்ப் பேச்சு. பெரியப்பா மகன், எங்கள் பெரியண்ணன், நேரில் வந்து சத்தம் போட்டார்.

"ஏம்மா, முனி போற தடத்துல கொட்டாய் போட்டா மாடு நிக்குமா?"

"அதுக்குத்தாண்ணா கெழக்க ஒரு கதவு, மேக்க ஒரு கதவு வெச்சிருக்கேன். நேரா பூந்து போவட்டும். சாணிய மட்டும் மிதிக்காம போகச் சொல்லு."

சொன்னது கிண்டலாகத்தான். ஆனாலும் தினமும் உச்சியில் இரண்டு கதவையும் திறந்துவைத்து, மாடுகளை ஓரமாக மாற்றிக் கட்டுவார். மறந்த நாள் இல்லை.

ஒரு கோடையில், மழையில்லாமல் வாடிய இளஞ்சோளத்தை மேய்ந்து சினைமாடு துடித்துச் செத்தது. வாயிலிருந்த பயிரைக் காட்டி, இதுதான் விஷம் என்று மாட்டு டாக்டர் எல்லோர் முன்னாலும் சொன்னார்.

"டாக்டருக்கு முனியத் தெரியுமா?" என்றார் பெரியண்ணன்.

அத்தோடு முடிந்தது. அக்கா கறந்த பாலை யாரும் வாங்கவில்லை. டீக்கடைக்காரர்கூட, "வேணாம்மா, ஊர்ல ஒரு மாதிரி பேசறாங்க" என்று பால் தூக்கைத் திருப்பிக் கொடுத்தார். மீதி மாடுகளை விற்றார். நிலத்தைப் பெரியண்ணனே எடுத்துக்கொண்டார்.

அக்கா மூக்கண்டப்பள்ளி லைன் வீட்டுக்கு வந்து, கம்பெனியில் பேக்கிங் வேலையில் நின்றே மகளை டிப்ளமோ படிக்க வைத்தார். அந்த நிலம் கைமாறி, இன்று அங்கே ஒரு கம்பெனி ஷெட் இருக்கிறது. முனி ஓட்டத்துக்குக் குறுக்கே சுற்றுச்சுவர், மேலே முள்கம்பி. பின்பக்கம் ஒரு கதவுகூடக் கிடையாது. பூமி பூஜையில் முன்வரிசையில் நின்றவர் யார் என்று உங்களுக்கே தெரியும். ராத்திரி பகலாக ஷிப்ட் ஓடுகிறது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆகவும் வேண்டாம். உச்சி நேரத்தில் அந்தப் பக்கம் நான் இன்னமும் வண்டி ஓட்டுவதில்லை. முனி இல்லை என்று சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது. இருந்தால், அதற்கு வழிவிட்டவர் அக்கா ஒருவர்தான்.

கடைசியில் சிறுநீரகம் கெட்டு ஆஸ்பத்திரிக்கு அலைந்தபோது, பக்கத்து வீட்டு பாய் தன் ஆட்டோவில் கூட்டிப்போனார். அவர் வீட்டம்மா கஞ்சி வைத்துக் கொடுத்தார். பேக்கிங்கில் கூட வேலை பார்த்த பெண்கள் ஷிப்ட் மாற்றிக்கொண்டு துணைக்கு இருந்தார்கள். அவர்களுக்கு எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

சொந்தங்களே, அக்கா சாவு எடுப்புக்கு நீங்களும் வந்தீர்கள். வாசலிலேயே நின்று, தண்ணீர்கூட வாங்காமல் போனீர்கள். வந்ததற்கு நன்றி. மகளுக்கு இன்னொரு இடம் பேசிக்கொண்டிருக்கிறோம். அவர்கள் உங்களிடம் விசாரிக்க வருவார்கள். அக்காவுக்கு நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். அன்றைக்கு ஒருநாள் மட்டும் வாயைத் திறக்காமல் இருங்கள்.

— தம்பி