அண்ணன் வீட்டுத் தரிசு

எருத்தேன்பதி தனபாலின் தக்காளிக் காட்டில் வாரம் தவறாமல் மருந்தடிப்பு நடக்கும். எறும்புகூட எட்டிப் பார்க்காது. அதனால் பூச்சிகளைப் படமெடுக்க அவர் பெரியப்பா மகன் சென்னியப்பனின் தரிசுக்குத்தான் போவார். அங்கே எருக்கும் ஆவாரையும் மண்டிக் கிடந்தன. செல்போனில் லென்ஸை மாட்டி, மண்ணில் குப்புறப் படுத்து எடுத்த படத்தை வாட்ஸ்அப் குழுவில் போட்டுப் பெயர் கேட்பார். "எருக்கு வெட்டுக்கிளி, எங்கேயும் இருக்கும்" என்று யாராவது எழுதிவிட்டால் முகம் சுருங்கிவிடும். அவர் கண்ணில் பட்டதெல்லாம் அரிய வகையாகத்தான் இருக்க வேண்டும்.

படமெடுத்து முடித்ததும் டீக்கடையில் உட்கார்ந்து அதே தரிசைத் திட்டுவார்.

"எங்கண்ணன் மாதிரி சோம்பேறி இந்தப் பஞ்சாயத்துலயே இல்லீங்க. பூமியை இப்படிப் போட்டு வெச்சா மகாலட்சுமி தங்குவாளா?"

பேச்சு சென்னியப்பன் காதுக்குப் போய்விட்டது. மழை ஓய்ந்து தனபால் மறுபடி லென்ஸோடு போனபோது எருக்கும் இல்லை, ஆவாரையும் இல்லை. தரிசு முழுக்கத் தக்காளி நட்டிருந்தது.

"நீங்க சொன்னது ரோசமாப் போச்சுங்க தம்பி" என்றார் சென்னியப்பன். "நீங்க அடிக்கற மருந்தையே கடையில கேட்டு வாங்கி அடிச்சுட்டேன். இனி ஒரு பூச்சி அண்டாதுங்க."

தனபால் லென்ஸைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பினார். வீட்டுக்கு வந்ததும், பேராசை பிடித்த விவசாயிகள் பூச்சியினத்தையே அழிக்கிறார்கள் என்று குழுவில் நீளமாக எழுதினார். பாராட்டு வந்து குவிந்தது. ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்லி முடித்துவிட்டு, மருந்துப் பம்பைத் தோளில் மாட்டிக்கொண்டு தன் காட்டுக்குக் கிளம்பினார்.