வெள்ளிக்கிழமை போனில் மாற்றிச் சொன்ன வரி

2005-ஆம் வருடம். கூனிமேட்டில் என் புகுந்த வீடு. கணவர் துபாயில் வேலை பார்த்தார். எனக்கு இடுப்பில் தொடங்கிய வலி முதுகு, கழுத்து என்று ஏறி, போகவே மாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டது. எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார்கள். ஒன்றுமில்லாத வலியை வீட்டில் யார் நம்புவார்கள்? நடிப்பு என்று கணவரின் அம்மா, என் மாமி, வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான். தலை சீவக்கூட மனசு வராது. இரண்டு வயது மகளைத் தூக்க முடியவில்லை. அவளும் விழுந்தால் மாமியிடம் ஓடப் பழகிவிட்டாள். பிள்ளை என்னை மறந்தே போய்விடுமோ என்ற பயம்தான் என்னைத் தின்றது.

டாக்டர் மாத்திரையோடு, மரக்காணத்துக்கு வாரம் ஒருமுறை வரும் கவுன்சலிங் அம்மாவையும் பார்க்கச் சொன்னார். பேசினால் இடுப்பு வலி போய்விடுமாக்கும் என்று எரிச்சலோடுதான் பஸ் ஏறினேன்.

அந்த அம்மா முதலில் சொன்னதே, "உங்க வலி நெசம்தாம்மா" என்பதுதான். பொங்கிப் பொங்கி அழுதேன். பிறகு, "என்னிக்கு ரொம்ப அதிகமா இருக்குது?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தால், வெள்ளிக்கிழமை.

வெள்ளி அவருக்கு லீவு. ஜும்மா தொழுகை முடிந்ததும் போன் வரும். மாமி, நாத்தனார், கொழுந்தன் எல்லோரும் பேசி முடித்த பிறகுதான் ரிசீவர் என் கைக்கு வரும். அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, "நான் நல்லா இருக்கேன், நீங்க உடம்பப் பாத்துக்குங்க" என்பேன். வெளிநாட்டில் கஷ்டப்படுகிறவருக்குக் கவலை கொடுக்கக் கூடாது என்பது எங்கள் ஊர்ப் பெண்களின் வழக்கம். எங்கள் குடித்தனமே அந்த ஒரு வரியில்தான் ஓடியது.

"அந்த வரிய மட்டும் மாத்திச் சொல்லிப் பாருங்களேன்" என்றார் கவுன்சலிங் அம்மா. அவரே காதில் கையை வைத்துக்கொண்டு துபாய்க்காரராக, "ஹலோ" என்றார். ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றுதான் சிரித்தேன்.

அடுத்த வெள்ளி ரிசீவரை வாங்கினேன். "நான் நல்லா இல்லீங்க" என்றேன். வீட்டில் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர், "நானும் இங்க நல்லா இல்ல. சொன்னா அழுவியேன்னு சொல்லல" என்றார். அன்றைக்குத்தான் நாங்கள் இரண்டு பேரும் நிஜமாகப் பேசிக்கொண்டோம்.

மாமி அதன்பிறகு என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சண்டை வரப்போகிறது என்றே நினைத்தேன். மறுவாரம் நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, வெளியே போகும்போது போர்த்தும் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு மாமி வாசலில் நின்றார்.

"அந்தம்மா வயசானவங்ககிட்டயும் பேசுமா?"

"பேசுவாங்க மாமி, ஏன்?"

"ரொம்ப நாளா முட்டி வலிக்குது. உன் மாமா வெளிநாட்டுல இருந்த காலம் பூரா நானும் நல்லா இருக்கேன்னேதான் சொன்னேன்."

மூன்று பேரும் போனோம். பஸ்ஸில் உப்பளத்தைப் பார்த்தபடியே மகள் என் மடியில் தூங்கிப்போனாள். வலித்தது; ஆனாலும் மாமி வாங்கிக்கொள்ளக் கை நீட்டியபோது நான் கொடுக்கவில்லை.

வலி இன்றும் வந்து போகிறது. ஆனால் யாராவது எப்படி இருக்கிறாய் என்று கேட்டால், மாமியும் நானும் ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் பதில் சொல்கிறோம்.